மூன்றாவது தடவை கூப்பிடாதவர்

முதலில் தப்புச் செய்தவர் அர்த்தனாரி. இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். அர்த்தனாரி என் பெண்ணுடைய மாமனார். டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டூரில் வீடு. அவருடைய சின்னப் பையன் யுவராஜுக்கு உங்கள் பெண்ணைக் கொடுக்கலாமா என்று விசாரிக்கத்தானே பவானியிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு சங்ககிரிக்கு வந்திருக்கிறீர்கள்? சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் என்ன சொல்வார்கள், தங்கமான குடும்பம் என்பார்கள். அவர்களுக்கு என்ன நஷ்டம்? ஏற்கெனவே பெண்ணைக் கொடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறவனிடம் கேட்க வேண்டும்.

உட்காருங்கள். மோர் சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா? சித்திரை வெயில், ஒரு டம்ளர் குடிக்கலாமே? வேண்டாமா? அட, வீடு தேடி வந்துவிட்டு நாக்கை நனைக்காமல் போனால் எப்படி, அரை டம்ளராவது.

பார்த்தீர்களா, இப்போது சரி என்கிறீர்கள். நீங்கள் முறை தெரிந்த மனிதர். முதல் தடவை யாரும் யாரையும் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர்கூடக் கூப்பிடுவான். இரண்டாவது தடவை, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று கூப்பிடுவது. மூன்றாவது தடவையும் கூப்பிடுகிறவன்தான் நிஜமாகவே கூப்பிடுகிறவன். மானமுள்ளவன் அதற்குத்தான் எழுந்திருப்பான். எங்கள் அப்பா அப்படி, எங்கள் பெரியப்பா அப்படி. எங்கள் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்து, அவர்கள் இலையெல்லாம் எடுத்து, பந்தலையும் பிரித்த பிறகு, சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தார். அவர் மனிதர்.

இந்த வேட்டியா? ஆமாம், புதிதுதான். சும்மா கட்டினேன். வீட்டில் இருக்கிறவன் புது வேட்டி கட்டக் கூடாதா?

என் சம்சாரம் இல்லை. நல்லம்மாள் காலையில் ஐந்து மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். எங்கே என்று அப்புறம் சொல்கிறேன். மணி எவ்வளவு? எட்டரையா? நேரம் இருக்கிறது. இல்லை, எனக்கு ஒரு வேலையும் இல்லை, உங்களுக்காகத்தான் கேட்டேன்.

போன வருசம் வைகாசியில் கல்யாணம் முடிந்தது. என் பெண் கோகிலவாணி, ஒரே பெண். அவர்களுடைய பெரிய பையன் தினகரன். அவனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை, அது ஒரு குறைதான். கல்யாணம் முடிந்து ஆடி வந்தது. ஆடிப் பதினெட்டு யாருடைய நாள்? பெண் வீட்டாருடைய நாள். மாப்பிள்ளையை நான் கூப்பிட வேண்டும், விருந்து நான் வைக்க வேண்டும். நான் ஒரு கிடாக்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் இந்த அர்த்தனாரி போன் பண்ணுகிறார்.

"சம்பந்தி, ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் இங்க வந்துடுங்க. புள்ளைக்குக் காவிரியில தாலிக்கயிறு மாத்திட்டு, அப்படியே அணையில ஒரு சுத்துச் சுத்தலாம். மோட்டார் படகு ஒண்ணு நாள் முழுக்க வாடகைக்குப் பேசிட்டேன்."

பேசிட்டேனாம். யாரைக் கேட்டுப் பேசினார்? நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் ஒரு தடவை கூப்பிட்டார், மாப்பிள்ளை ஒரு தடவை கூப்பிட்டான், கடைசியில் நல்லம்மாள், "வரப்போறீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்றாள். அதையும் சேர்த்தால் மூன்று. போனேன்.

மேட்டூர் அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கிற தண்ணீரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அணைக்கு முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஏரி என்றால் ஏரி, கடல் என்றால் கடல். அக்கரையில் இருக்கிற பனைமரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். அதற்குள்ளே பழைய கோயில் ஒன்று முழுகிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கினால் அதனுடைய கல் நந்தி தலையை வெளியே நீட்டும். போன ஆடியில் தண்ணீர் பாதிதான், நந்தி தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்த நந்தியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முப்பத்திரண்டு வருசம் லாரி ஓட்டினேன். கல்கத்தா பார்த்தேன், கௌகாத்தி பார்த்தேன், பக்கத்தில் இருக்கிற நந்தியைப் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அர்த்தனாரிக்கு இது தெரியும். கல்யாணப் பேச்சின்போது நானே சொல்லியிருக்கிறேன்.

படகுத்துறைக்குப் போனோம். படகுக்காரன் பெயர் மாதையன். மீன் பிடிக்கிறவன், திருவிழா நாளில் படகை வாடகைக்கு விடுவான். ஏழு பேர் நாங்கள். அர்த்தனாரி, அவர் சம்சாரம் ருக்குமணி, இரண்டு பையன்கள், என் பெண், நல்லம்மாள், நான். மாதையன் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தான். பார்த்துவிட்டு அர்த்தனாரியிடம், "வாத்தியாரு ஒல்லி. நீங்க முன்னால குந்துங்க" என்றான். என்னிடம் திரும்பி, "பெரியவரே, நீங்க இன்ஜின்கிட்ட, பின்னால" என்றான்.

நான் கேட்டேன், "ஏன்ப்பா, நான் ஏன் பின்னால?"

"நீங்க கனமுங்க."

இதைச் சொன்னது மாதையன். சொல்லிக் கொடுத்தது யார்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பையனைப் பெற்றவர் முன்னால், பெண்ணைப் பெற்றவன் பின்னால். கனமாம்! நான் லாரியில் ஏறினால் நேராக ஸ்டியரிங்குக்கு எதிரில்தான் உட்காருவேன். பின்னால் ஏற்றுவது சரக்கை. சிமெண்டு மூட்டையை ஏற்றுவோம், மஞ்சள் மூட்டையை ஏற்றுவோம். மனிதனை ஏற்றுவதில்லை.

"பரிசல்ல போலாமே" என்று நான் நாசூக்காகச் சொன்னேன். பரிசல் வட்டம். அதில் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. யாருக்கும் மனத்தாங்கல் வராது. அதற்கு அர்த்தனாரி, "ஏழு பேருக்குப் பரிசல் தாங்காதுங்க சம்பந்தி" என்று சிரித்தார். அவர் சிரிப்பு அப்படித்தான், சத்தம் வராது. சத்தம் வராமல் சிரிக்கிறவர்களை நம்பவே கூடாது.

பொங்கலுக்குக் கட்டிய காளை மாதிரி எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டினார்கள். எனக்குக் கொடுத்தது மார்பில் சேரவில்லை. யுவராஜ் தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அதன் மேல் சுற்றிக் கட்டினான். நீங்கள் விசாரிக்க வந்த பையன்தான். அன்று முழுக்க ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். பெரிய மனிதர்களுக்கு முன்னால் இப்படி நிற்கலாமா? எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படகு கிளம்பியது. அர்த்தனாரி முனையில் உட்கார்ந்து படம் வரைகிற நோட்டை விரித்துக்கொண்டு, கப்பலையே விலைக்கு வாங்கினவர் மாதிரி கரையைப் பார்க்கிறார். நான் பின்னால், இன்ஜின் புகையில். நான் மாதையனிடம் பிரேக் எது என்று கேட்டேன். "பிரேக்கு இல்லீங்க" என்றான். பிரேக் இல்லாத வண்டியில் ஏழு பேர்! ஹாரன் எங்கே என்றேன். "யாருக்குங்க அடிக்கிறது, மீனுக்கா?" என்றான். என் பெண் சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். நல்லம்மாள் சிரிக்கவில்லை, "கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்றாள். அது சிரிப்பைவிட மோசம்.

நடுவில் ஒரு திட்டு. தண்ணீர் குறைந்தால் மேலே வரும் மேடு அது, நாலு கருவேல மரமும் பாறையும். யாரோ ஆடுகளைக் கொண்டுவந்து மேய விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே இறங்கிச் சாப்பிட்டோம். நல்லம்மாள் கோழிக் குழம்பும் கச்சாயமும் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அர்த்தனாரி எனக்கு முதலில் போடச் சொன்னார். சொல்லியிருக்கலாம். அதையே படகிலும் சொல்லியிருந்தால் என்ன? சோற்றில் காட்டுகிற மரியாதையைச் சீட்டில் காட்டவில்லையே.

சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். "இனிமே நான் முன்னாலதான் உட்காருவேன்."

மாதையன் தலையைச் சொறிந்தான். "நீங்க முன்னால குந்தினா மூக்கு முழுகுமுங்க, பெரியவரே."

"யாரு மூக்கு?"

"படகு மூக்குங்க."

அர்த்தனாரி குறுக்கே வந்து, "நடுவுல உட்காருங்க சம்பந்தி, நான் பின்னால போயிடறேன்" என்றார். நடுவில்! நான் என்ன கேட்டேன், இவர் என்ன கொடுக்கிறார் பாருங்கள். நான் போய்க் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். வரவில்லை என்றேன்.

இனிமேல்தான் விஷயமே. கவனமாகக் கேளுங்கள்.

முதல் தடவை அர்த்தனாரி தண்ணீர் ஓரத்தில் நின்று கூப்பிட்டார். "வாங்க சம்பந்தி, நந்தியப் பக்கத்துல போய்ப் பார்க்கலாம். நீங்க ஆசைப்பட்டீங்களே." நான், "நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

இரண்டாவது தடவை மேட்டில் ஏறி வந்தார். பக்கத்தில் குந்தினார். "உங்களுக்காகத்தான் படகே பேசினேன். வாங்க" என்றார். நான், "எனக்கு முழங்கால் வலிங்க, போங்க" என்றேன்.

சொல்லிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? செருப்பை மாட்டிக்கொண்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டுமே, அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "வலியா? அப்ப நான் வற்புறுத்தலைங்க. நிழல்ல படுங்க. ஒரு மணி நேரத்துல வந்துடறோம்." தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். தன் குடையை விரித்து என் தலைக்கு மேல் கிளையில் செருகினார். போய்விட்டார்.

ஒரு வார்த்தை கூப்பிடச் சொன்னால் குடையைக் கொடுக்கிறார்! குடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முப்பத்தைந்து வருசம் பிள்ளைகளுக்கு யானையும் மாம்பழமும் வரையச் சொல்லிக் கொடுத்தவருக்கு மூன்று வரைக்கும் எண்ணத் தெரியவில்லை. நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன், எனக்குத் தெரிகிறது.

கோகிலா படகில் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நல்லம்மாள் பார்க்கவில்லை. "அவரு அப்படித்தான், நீங்க எடுங்க வண்டிய" என்று மாதையனிடம் சொன்னாள். படகைப் போய் வண்டி என்கிறாள். படகு போய்விட்டது. நான் செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் என்றார்கள். ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். திடீரென்று எழுந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை. மாதையன் படகை அக்கரையில் கொண்டுபோய் ஒதுக்கிவிட்டான். அங்கிருந்து காற்று அடங்குகிற வரைக்கும் நகரவில்லை. மூன்றரை மணி நேரம். திட்டில் நானும் பதினோரு ஆடுகளும். குடை முதல் காற்றிலேயே பறந்து தண்ணீரில் விழுந்து நந்தி இருக்கிற திசைக்கே போனது. அது பார்த்துவிட்டது, நான் பார்க்கவில்லை. தாடி வைத்த ஒரு கிடா வந்து என் துண்டைத் தின்ன ஆரம்பித்தது. நான் இழுக்கிறேன், அது இழுக்கிறது. கடைசியில் ஆளுக்குப் பாதி. பட்டுக் கரை போட்ட துண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிறோமே என்று போட்டுப் போனது.

நான் சத்தம் போட்டேனா என்று யாராவது கேட்டால், ஆட்டை விரட்டத்தான் சத்தம் போட்டேன். அக்கரை வரைக்கும் "கோகிலா, கோகிலா" என்று கேட்டதாம், நல்லம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காற்றில் எதுவும் கேட்கும்.

காற்று கொஞ்சம் தணிந்ததும் படகு வந்தது. அலையில் கரைக்கு நெருங்க முடியவில்லை. நான் நல்லபடியாக உட்கார்ந்துகொண்டேன். சரி, கூப்பிடட்டும் என்று. கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடருமா, மறுபடி முதலிலிருந்து வருமா என்று எனக்கே ஒரு குழப்பம் இருந்தது. முதலிலிருந்து வருவதுதான் நியாயம் என்று முடிவு செய்தேன். மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டதே.

அதற்குள் இந்த யுவராஜ் இடுப்பளவு தண்ணீரில் குதித்தான். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். வா என்றானா? இல்லை. "மாமா, பயந்துட்டீங்களா?" என்றான். யார் பயந்தது? நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஆமாம், என்னைத்தான். தொண்ணூற்றி நாலு கிலோ. தண்ணீருக்குள் நடக்கிறான். பின்னால் பேண்ட் நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. அதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. வெட்கம் இல்லாத பையன், எழுதிக்கொள்ளுங்கள். பலம் இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன்.

கொண்டுபோய் என்னை எங்கே வைத்தான்? முன்னால்! "மாமாவுக்கு முன் சீட்டு" என்றான். அர்த்தனாரி எழுந்து பின்னால் போய்ப் புகையில் உட்கார்ந்தார். மாதையன், "அப்பன்னா மெதுவாத்தான் போகணும்" என்று முனகினான்.

கேட்டதைக் கொடுத்தார்களே, அப்புறம் என்ன என்கிறீர்களா? நீங்களும் நல்லம்மாள் மாதிரியே பேசுகிறீர்கள். உட்கார வைப்பது வேறு, கூப்பிட்டு உட்கார வைப்பது வேறு. மூட்டையைத் தூக்கி வைக்கிற மாதிரி வைத்தால் அது மரியாதையா? அதுவும் எந்த நேரத்தில்? படகு மூக்கு முழுகுகிறது, வருகிற அலையெல்லாம் என் நெஞ்சில் அடிக்கிறது, வாயைத் திறந்தால் அணைத் தண்ணீர் பாதி உள்ளே போகிறது. கரை சேர ஒன்றேகால் மணி நேரம். பின்னாலிருந்து மாதையன் கேட்கிறான்: "முன் சீட்டு எப்படிங்க பெரியவரே, காத்தோட்டமா இருக்குதா?"

என் பெண்தான் முதலில் சிரித்தாள். அழுதுகொண்டே இருந்தவள், அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும். நல்லம்மாளும். அர்த்தனாரி சத்தம் வராமல். யுவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் குந்திக்கொண்டு, என் மிதவைச் சட்டையின் காலரைக் கரை சேருகிற வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான். நான் எங்கேயாவது ஓடிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. சந்தேகப் புத்தி. எழுதிக்கொண்டீர்களா?

குடிப்பானா என்றா கேட்டீர்கள்? பையில் பாட்டில் வைத்திருந்தான். நான் மோந்து பார்த்தேன். சீரகத் தண்ணீர். அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்று சுமந்து திரிந்தான். இந்த வயதில் அம்மா பின்னால் சுற்றுகிறவன். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று கரையில் இறங்கியவன்தான், அதற்கப்புறம் அர்த்தனாரியோடு நானாகப் பேசியதில்லை. ஒன்பது மாதம். அவருக்கு என்ன கோபம் என்றுகூடத் தெரியவில்லையாம்! "முழங்கால் இப்ப எப்படி இருக்குது?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டு அனுப்புகிறார். தைலம் ஒன்று கொடுத்துவிட்டார். என் முழங்காலுக்கு என்ன கேடு? இரும்பு மாதிரி இருக்கிறது.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறதாம். பின்னால் நந்தி, முன்னால் படகில் எல்லோரும். நான் மட்டும் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் பெண்ணோட அப்பா எங்கே என்று கேட்கிறார்களாம். கோகிலா என்ன சொல்கிறாள் தெரியுமா? "அப்பாதான் எடுத்தாரு" என்கிறாளாம். நந்தியே நேராக நிற்கிறது, போட்டோ நேராக வந்திருக்கிறது, எங்கள் அப்பாவுக்குக் கை நடுங்காது, முப்பத்திரண்டு வருசம் ஸ்டியரிங் பிடித்தவர் என்கிறாளாம். பொய்தானே இது? என் வீட்டில் இருந்த வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லை. அந்த வீட்டுக்குப் போய்ப் பொய் சொல்லப் பழகிவிட்டாள்.

நல்லம்மாள் எங்கே என்று கேட்டீர்களே. இன்றைக்குக் கோகிலாவுக்கு வளைகாப்பு. மேட்டூரில். ஏழாவது மாதம். ராத்திரியெல்லாம் அடுப்படியில் நின்று புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று ஏழு விதமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, தன் தம்பி வேனில் ஏறிப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. எப்படிப் போவது? அர்த்தனாரி போன வாரம் இங்கே வந்தார். நேரில்தான் வந்தார், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி. "சம்பந்தி, நீங்க முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றார். பாருங்கள், முன்னால் நிற்க வேண்டுமாம், இப்போது! நான், "பார்க்கலாம்" என்றேன். மோர் கொடுத்தேன். ஒரே தடவையில் கையை நீட்டி வாங்கிக் குடித்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆளுக்கு ஜென்மத்தில் வராது.

அது ஒன்று. முந்தாநாள் போன் பண்ணினார். "கட்டாயம் வரணும்" என்றார். "உடம்பு எப்படி இருக்கோ பார்த்துக்கலாம்" என்றேன். "அப்ப உடம்பப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டார். அது இரண்டு. இதோ, விரலை மடக்கியே வைத்திருக்கிறேன். நேற்றெல்லாம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். குளிக்கப் போகும்போதுகூட எடுத்துப் போனேன்.

நேற்று மதியம் அடித்தது. எடுத்தால் கோகிலா. "அப்பா, வளையல் போட்டு முடிச்சதும் என்னைய நம்ம வீட்டுக்கு யாருப்பா கூட்டிப் போவாங்க? நீங்க வந்து ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க போதும். நான் எந்திரிச்சு வந்துடறேன்" என்றாள். அவளுக்கு அவசரம், சின்னப் பெண். ஒரே தடவையில் எழுந்து வந்துவிடுவாளாம். வளர்ப்புச் சரியில்லை என்று சொல்ல மாட்டார்களா? அது கணக்கில் வராது. பெண் கூப்பிடுவது எந்தக் கணக்கிலும் வராது.

நல்லம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று என்ன சொன்னாள் தெரியுமா? "உங்களை மூணாவது தடவை கூப்பிட எமதர்மன்தான் வரணும். அவன்கிட்டயும் முன் சீட்டு கேட்பீங்க." ஒரு வீட்டுக்காரியின் பேச்சா இது?

உள்ளே வாருங்கள், இந்த அறையைப் பாருங்கள். வெள்ளை அடித்திருக்கிறேன். புது ஃபேன். கட்டில் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தேன், பிள்ளைத்தாய்ச்சி ஏறி இறங்க வேண்டுமே. இந்த ஜன்னலுக்குக் கொசுவலை நானே அடித்தேன். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பெற்றவன் போய்க் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும், அதுதான் முறை. அந்த முறையை நான் விடுவேனா? அவர் தன் முறையைச் செய்யட்டும், நான் என் முறையைச் செய்கிறேன். ஒரு வார்த்தைதான் அவரிடம் எனக்குப் பாக்கி. திட்டில் ஒன்று, போனில் ஒன்று என்று பிரித்துப் பார்த்தால் இரண்டு பாக்கி. நான் பெருந்தன்மையாக ஒன்று என்றே வைத்திருக்கிறேன்.

என்ன, கிளம்பிவிட்டீர்களா? மணி ஒன்பதரையா? வளையல் பதினொன்றுக்கு மேல்தான். இங்கிருந்து கார் என்றால் ஒன்றேகால் மணி நேரம். சும்மா சொன்னேன்.

என்ன முடிவு செய்தீர்கள்? பையனைப் பிடித்திருக்கிறதா? நான் இவ்வளவு சொல்லியுமா? எதை வைத்து? காலரைப் பிடித்துக்கொண்டு வந்ததை வைத்தா? சரி, உங்கள் இஷ்டம். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அப்படியா, மேட்டூருக்குத்தான் போகிறீர்களா? பெண் வீட்டார் மாதிரி காட்டிக்கொள்ளாமல் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவீர்களா? நல்லது. நானா? சேச்சே, நான் எதற்கு? நீங்கள் போங்கள்.

இல்லைங்க, முன் சீட்டு காலியாக இருந்தால் என்ன, எனக்கு முழங்கால் வலி. நீங்கள் கிளம்புங்கள்.

இருங்கள், வாசல் வரைக்கும் வருகிறேன். செருப்பா? சும்மா, தரை சுடுகிறது என்று மாட்டினேன். பார்த்துப் போங்கள், எடப்பாடி தாண்டினால் ரோடு மோசம்.

ஏங்க, கதவைச் சாத்திவிட்டீர்களே. வண்டியை எடுக்கிறீர்களா?

இரண்டுதானே ஆச்சு!